துக்கம் கேட்க வந்தவர்

நவம்பர் 4, திங்கள்

ஜனவரி 1 என்று அச்சடித்த பக்கத்தில் நவம்பர் 4 என்று எழுதுகிறேன். ரெக்சின் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். அது என் கடை மேசையில் நூல்கண்டுக்கு அணையாகக் கிடக்கும். பைக் சீட்டுக்குக் கவர் தைக்கிறவன் டைரியில் எதை எழுதுவது? எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் அதற்கு என்னைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் நீளமாக எழுதப்போவது இதுதான்.

மகள் சுகுணாதான் சொன்னாள். "டாக்டர் சொல்றது உங்களுக்கு நெனப்புல நிக்கறதில்லீங்ப்பா. எழுதி வைங்க." வீட்டில் மறக்கிறதற்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று பயப்படுகிறாள்.

அந்த ஓர் ஆள் என் சம்சாரம் மயிலாத்தாள். மறதி நோய் வந்து மூன்று வருஷம். முதலில் சாவியை மறந்தாள், பிறகு தெருவை, பிறகு சுகுணாவை. சுகுணாவை இப்போது "அக்கா" என்கிறாள். என்னை ஒரு நாள் "மாமா" என்பாள், ஒரு நாள் "கடைக்காரரே" என்பாள். இரண்டுமே சரிதான் என்பதால் நான் திருத்துவதில்லை. கொஞ்ச நாளாக விழுங்கவும் மறந்துவிடுகிறாள். இன்று காலை வாயில் வைத்த இட்லி வாயிலேயே இருந்தது. மதியம் இருமல், உதடெல்லாம் நீலம். எதிர்வீட்டுச் சம்பூர்ணமும் நானும் தூக்கிக் காரில் போட்டோம். கோபியில் பார்த்துவிட்டு உடனே ஈரோட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டியிருக்கிறதாம்.

ஐ.சி.யு. டாக்டர் இன்பச்செல்விக்குச் சுகுணா வயசுதான் இருக்கும். உட்காரச் சொல்லி நிதானமாக ஆரம்பித்தார். "மூச்சு விட ரொம்பக் கஷ்டப்படறாங்க. மெஷின் வெக்கலாம். ஆனா மறதி நோய் இருக்கற வயசானவங்க, மெஷின்ல இருந்து வெளிய வந்தாலும்..."

"வைங்கம்மா."

"முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க ஐயா."

"பசங்க ரெண்டு பேரும் வெக்கத்தானுங் சொல்றாங்க."

பிறகு வெளியே வந்து பசங்களுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மருந்து ஏற்றக் கழுத்து நரம்பில் குழாய் போடவேண்டுமாம். சிஸ்டர் ஸ்டெல்லா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உள்ளே மயிலாத்தாளின் வளையல், மெட்டி, தோடு, தாலிக்கொடி.

"சிஸ்டர், தாலிக்குப் பதிலா ஒரு மஞ்சக் கயிறாவது கட்டிக்கலாமுங்ளா?"

"கழுத்துல எதுவும் இருக்கக்கூடாது தாத்தா. எங்க அம்மாவா இருந்தாலும் கழட்டித்தான் ஆகணும்."

சிஸ்டருக்கு என்ன தெரியும்! அது எங்கள் வீட்டு மாத்திரை. மயிலாத்தாளுக்கு எது மறந்தாலும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மறக்காது. யாரோ வீட்டில் இருக்கிறோம் என்று பயந்து கத்துகிறபோது, தாலியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவேன். தடவுவாள். "மாமா இருக்கறாரு," என்பாள். அடங்கிவிடுவாள். எந்த மாமா, எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். இருந்தால் போதும்.

கவரைப் பையில் வைத்தால் தொலைந்துவிடும். கொடியை எடுத்து என் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். கோபி வட்டாரத்தில் தாலி போட்ட ஆம்பிளை நான் ஒருத்தன்தான்.

நவம்பர் 6, புதன்

அவளுக்குப் பதிலாக மெஷின் மூச்சு விடுகிறது. நான் பெஞ்சில்.

நவம்பர் 8, வெள்ளி

காத்திருக்கிற ஹாலில் நாற்காலிகளின் ரெக்சினை எவனோ தூக்கத்தில் தைத்திருக்கிறான். மூலையில் மடிப்பே கொடுக்கவில்லை. ஒரு வருஷத்தில் பிளந்துவிடும். காவல்காரரிடம் சொன்னேன். "ஏனுங் பெரியவரே, உங்க ஆளு உள்ள எப்படி இருக்குது?" என்று கேட்டார். எனக்கு நாற்காலியைப் பற்றித்தான் சொல்லத் தெரியும்.

பாத்ரூமில் பனியன் அலசிக் காயப்போட்டேன். சாப்பிட்டேன். சுகுணா என் பையைக் கிளறி, பிரிக்காத பன் பாக்கெட்டுகளை எடுத்து வரிசையாக மடியில் அடுக்கினாள். ஒன்றும் பேசவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான், பேசாமலே திட்டுவாள்.

உள்ளே பார்க்கவிட்டார்கள். தானாகக் குழாயை இழுத்துவிடுவாள் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தது. ஏ.சி. காற்று எனக்குக் கண்ணுக்கு ஆகவில்லை. சீக்கிரம் வந்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

வாய்க் குழாயை எடுத்துவிட்டார்கள்! தானாக மூச்சு விடுகிறாள். சிஸ்டர் ஸ்டெல்லாவுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன். ஐ.சி.யு.வுக்குள் ஜிலேபி கூடாதாம். காவல்காரர் சாப்பிட்டார். மஸ்கட்டில் இருக்கிற மகன் தினகரனிடம் போனில், "உங்கம்மா மெஷினையே வெரட்டிட்டா பாரு," என்றேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாச்சு.

நவம்பர் 12, செவ்வாய்

கண் திறந்திருந்தது. நான் போன நேரத்தில் கைக்கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். குரல் கரகரத்தது. என்னைப் பார்க்கவில்லை. கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது. இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். பிளாஸ்திரிதான் இருந்தது. மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுவிட்டு விரல் நுனியைப் பார்த்தாள், குங்குமம் ஒட்டியிருக்கிறதா என்று. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"எப்பங் போனாரு?"

"யாரு?"

"எங்க வூட்டுக்காரரு."

"நாந்தான் மயிலு. இங்கதான நிக்கறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க பெரியவரு. எங்க மாமனுக்கு மீசை கறுகறுன்னு இருக்குமுங்." அப்புறம் சன்னமாக, "மொகத்தக்கூடக் காட்டாம எடுத்துட்டீங்ளே," என்றாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகள் எப்படி இருக்கும் என்று பரீட்சைப் பேப்பரைத் திருத்தியவர்களைக் கேட்டால் தெரியும். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். "இத பாரு, பத்திரமா இருக்குது." கழற்றிய தாலி ஒரு கிழவன் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஐ.சி.யு.ல இப்படிக் கொழப்பம் வரும் தாத்தா, பெருசா எடுத்துக்காதீங்க," என்றார் சிஸ்டர். எனக்கென்னவோ அவள் குழம்பியதாகத் தெரியவில்லை. வளையல் இல்லை, பொட்டு இல்லை, தாலி இல்லை. ஒரு பொம்பளை வேறு என்னத்தை நினைப்பாள்? சாங்கியத்தையெல்லாம் இங்கே முறையாகச் செய்து முடித்துவிட்டார்கள். செத்தவன் மட்டும் பன் பாக்கெட்டோடு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

நவம்பர் 14, வியாழன்

வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தார்கள். அதைப் பிடுங்கிவிட்டாள். திரும்பப் போட்டுக் கையைக் கட்டினார்கள். அழுகிறாள், சத்தம் வராமல். எனக்காக ஒருத்தி இவ்வளவு அழுவாள் என்று உயிரோடு இருக்கிறபோதே தெரிந்துகொள்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

வேண்டாம். இந்தத் தமாஷ் நன்றாக இல்லை.

நவம்பர் 16, சனி

டாக்டர் இன்பச்செல்வி மறுபடி உட்காரச் சொன்னார். இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை.

"திரும்பச் சளி சேருது. மறுபடி மெஷின் வெக்கணும்னா, தொண்டையில ஓட்டை போட்டு, ரொம்ப நாளைக்கு வெக்கற மாதிரி இருக்கும்."

"வெச்சா?"

"பொழைக்கலாம். பொழைச்சாலும் படுக்கையோடதான். இந்த வயசுல, இந்த நோயோட மெஷின் வரைக்கும் போயிட்டு வந்தவங்கள்ல நெறையப் பேரு அடுத்த வருஷத்தப் பாக்கறதில்ல ஐயா. பாக்கறவங்களும் பழையபடி எந்திரிச்சு நடக்கறது கம்மி. மறதி ஒரு படி எறங்கியிருக்கும். எறங்கினது பெரும்பாலும் ஏறாது. முதல் நாளே சொல்ல வந்தேன்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஒண்ணு கேக்கறனுங். மெஷின் வெச்சா, நான் செத்துட்டேங்கறத அவ மறந்துருவாளாங்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "அத எந்த மெஷினாலயும் சொல்ல முடியாதுங்கய்யா," என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

போனில் தினகரன். "எதையும் விட்டுராதீங்கப்பா. என்னென்ன இருக்குதோ எல்லாம் பண்ணச் சொல்லுங்க. நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

"வா. வந்தா உன்ன ஆஸ்பத்திரி ஆளுன்னு நெனச்சு, கைய அவுத்துவுடச் சொல்லிக் கெஞ்சுவா. அவுத்துவுடுவியா?"

சுகுணா சொன்னாள், "எனக்கும் அம்மா வேணுமுங்ப்பா. ஆனா அம்மா கையக் கட்டறத இனிமேப் பாக்க முடியாது."

மெஷின் வேண்டாம், மாஸ்க் ஆக்சிஜனும் மருந்தும் போதும், கொஞ்சம் தெளிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாக வந்தது. என் கையெழுத்து ஒரு நாளும் நன்றாக வந்ததில்லை.

நவம்பர் 20, புதன்

கோபி. வீட்டு ஹாலில் கட்டில் போட்டாயிற்று. சாய்வாக உட்காரவைக்கத் தலைமாட்டில் பழைய சீட் ஸ்பாஞ்சை வெட்டி மெத்தை செய்தேன். மூலைக்கு மடிப்புக் கொடுத்திருக்கிறேன்.

சுகுணா அவளுக்குத் தலை சீவிப் பொட்டு வைத்தாள், வளையல் போட்டாள். என் கழுத்திலிருந்த கொடியைக் கழற்றி அவள் கழுத்தில் நானே போட்டேன். இதற்காகத்தான் அத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தேன். கை போகும், தொடும், "மாமா இருக்கறாரு" என்பாள் என்று.

கை போனது. தொட்டாள்.

"எதுக்குங் எனக்கு இது? அவருதான் இல்லியே. பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

கழற்றத் தெம்பில்லை. அக்கா, அக்கா என்று சுகுணாவைக் கூப்பிட்டுக் கழற்றவைத்து, "பீரோவுல வைங்க," என்றாள். சுகுணா சமையலறைக்குள் ஓடிப்போனாள். கொடி மறுபடி என் கழுத்துக்கு வந்தது, பாதுகாப்புக்காக.

நவம்பர் 22, வெள்ளி

இரண்டு நாளாகப் பல்லை இறுக்கிக்கொண்டு இருக்கிறாள். கஞ்சி, இளநீர், மசித்த வாழைப்பழம், எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்புகிறாள். தண்ணீர் மட்டும் பஞ்சில் நனைத்து வைத்தால் உறிஞ்சுகிறாள். மூக்குக் குழாய் வேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டு வந்தவன்தான் இப்போது கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 23, சனி

சம்பூர்ணம் தூக்குப்போசியில் ரசம் சாதம் குழையக் கரைத்துக் கொண்டுவந்தார். வாசல் நிலையைத் தாண்டும்போதே மயிலாத்தாள், "வாங்க, உக்காருங்," என்றாள். சம்பூர்ணம் கரண்டியை நீட்டினார். வாயைத் திறந்தாள்! ஒரு வாய், இன்னொரு வாய். மெதுவாக, தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார். விழுங்குகிறாள்.

எனக்குச் சந்தோஷமா பொறாமையா என்று தெரியவில்லை. "நான் குடுத்தா மட்டும் ஏன் வாயத் தொறக்கறதில்ல?" என்று கேட்டேவிட்டேன்.

மயிலாத்தாள் என்னை விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சாவு வூட்ல அடுப்புப் பத்த வெப்பாங்ளா? வெளிய இருந்து கொண்டாந்தாத்தான் திங்கோணும். உங்கூர்ப் பக்கம் இதெல்லாம் இல்லீங்ளா?"

மகளை மறந்தாள், என்னை மறந்தாள், விழுங்குவதை மறந்தாள். அடுப்பை மறக்கவில்லை. அவள் பட்டினி கிடக்கவில்லை. முறை செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் சமையலறையிலேயே கஞ்சி காய்ச்சினேன். சத்தம் கேட்காமல் இருக்க ரேடியோ வைத்தேன். தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, சந்து சுற்றி, முன்வாசலுக்கு வந்தேன். சொந்த வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரிச் செருப்பைக் கழற்றினேன். எழுபத்தோரு வயசில் நாடகத்துக்கு முதல் தடவை வேஷம்.

"வாங்க. எந்த ஊருங்?"

"கொளப்பலூருங்க. விசயம் கேள்விப்பட்டேன். கொஞ்சம் கஞ்சி கொண்டாந்தேன்."

"நேரத்துக்கு வந்தீங்க," என்றாள். வாயைத் திறந்தாள்.

சுகுணா சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கஞ்சி சிந்திவிடும்.

எழுந்தபோது பழக்கதோஷத்தில், "போய்ட்டு வர்றேன் மயிலு," என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டி, சந்து சுற்றி, பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

காலை, மதியம், சாயங்காலம் கொளப்பலூர்க்காரர் வந்துபோகிறார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சந்தில் நான் போசியோடு வந்தால் வண்டியை ஓரங்கட்டி வழிவிடுகிறார்கள். யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

நவம்பர் 28, வியாழன்

இன்று அவளுக்குக் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், துக்கம் கேட்க வந்தவர் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்.

"எப்படிங் இருந்தாரு உங்க வூட்டுக்காரரு?"

"நல்ல மனுசனுங். வாயிதான் ஓயாது. எதுக்கெடுத்தாலும் நையாண்டி."

"அப்படீங்ளா."

"எனக்குக் காச்சல்னு படுத்தாப் போதும், பக்கத்துல உக்காந்துட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு நையாண்டி பேசிட்டே இருப்பாரு. மனுசன் பயந்துக்கிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுரும். சிரிச்சு வெப்பேன். நான் சிரிச்சாத்தான் அவரு தூங்குவாருங்."

போசியின் மூடியை மாட்டினேன். சரியாக உட்காரவில்லை. திரும்ப மாட்டினேன்.

"இப்ப யாருங் அவரச் சிரிச்சுத் தூங்க வெக்கறது?" என்றாள்.

இன்றைக்கு இது போதும். பாத்திரம் கழுவவேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

சாயங்காலம் தினகரன் வந்து இறங்கினான். கறுப்பு மீசை. அந்த வயசில் நான் அச்சாக அப்படித்தான் இருந்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குள் ஒரு சபலம். அவனைக் கட்டிலுக்கு நேராக, வெளிச்சத்தில் நிறுத்தினேன். சட்டைக்கு மேல் என் பழைய துண்டையும் போட்டுவிட்டேன்.

மயிலாத்தாள் ரொம்ப நேரம் பார்த்தாள். "தம்பி எந்த ஊருங்?" என்றாள்.

மீசைக்கு டை அடித்திருக்கிறான் என்று கண்டுபிடித்திருப்பாள். அவனிடம் அதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

டிசம்பர் 3, செவ்வாய்

காய்ச்சல். நெஞ்சில் அதே சத்தம். தினகரன் கார்ச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவன் சாவியை வைக்க ரொம்ப நேரம் ஆனது. ஆனால் வைத்தான். டாக்டர் இன்பச்செல்வி போனில் மருந்து சொன்னார். மூச்சு சிரமம் தெரியாமல் இருக்கச் சொட்டு மருந்து. சுகுணா நாக்கில் விடுகிறாள்.

டிசம்பர் 4, புதன்

கஞ்சி இறங்கவில்லை. ஆனாலும் கொளப்பலூர்க்காரர் மூன்று வேளையும் வந்தார்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் போசியோடு முன்வாசலில் நுழைந்தேன். "வாங்க" என்று சொல்ல உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்டியை எடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். துக்கம் கேட்க வந்தவர் கையைத் தொடலாம், தப்பில்லை.

நையாண்டியாக ஏதாவது பேசலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணில் ஏ.சி. காற்றுப் பட்டமாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது.

அவள் விரல் என் உள்ளங்கையில் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"அழுவாதீங்க. நல்லபடியாத்தான் போனாருங்."

"செரிங்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். முறைப்படி பேசாமல் எழுந்தேன், செருப்பை மாட்டினேன், சந்து சுற்றினேன். பின்வாசல் படியில் கால் வைக்கும்போது உள்ளே சுகுணாவின் குரல் கேட்டது. கஞ்சி ஆறாமல் கையில் இருந்தது.

நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். அவளும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். முறை தெரிந்தவள்.

டிசம்பர் 7, சனி

காரியமெல்லாம் நேற்று முடிந்தது. பட்டுப் புடவை, பூ, நெற்றி நிறையக் குங்குமம், கண்ணாடி வளையல். தாலிக்கொடியை என் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். இந்தத் தடவை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் கையைத் தொட்டுவிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "சுமங்கலியாப் போயிட்டா. குடுத்து வெச்சவ." நானும் ஆமாங்க, ஆமாங்க என்றேன். அவளுக்கு மட்டும் அது தெரியாது.

இன்று மதியம் தினகரன் அசதியில் தூங்கிவிட்டான். எனக்குப் பசிக்கவில்லை என்று சுகுணாவிடம் சொன்னேன். அவள் அடுப்புப் பக்கம் போகவேயில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சம்பூர்ணம் தூக்குப்போசியோடு நிலையைத் தாண்டி வந்தார். ரசம் சாதம், குழையக் கரைத்தது.

"வாங்க, உக்காருங்," என்றேன்.

சாப்பிட்டேன். அவர் பேசாமல் எழுந்து போனார்.